ஒரு வீட்டுக்கு ஒரு கை

ரோமாபுரிச் சபைக்காரர்கள் எல்லாரும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை சுற்றிக்கொண்டு நின்றார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துர்கா பூஜையின் கடைசி நாளில் வங்காளிப் பெண்கள் குங்குமம் பூசி விளையாடும்போது கட்டுகிற அதே புடவை. எங்கள் தமிழ்ச் சங்க நாடகத்துக்கு ரோமானிய உடை வாடகைக்குக் கேட்கப் போனால், டாலிகஞ்ச் ஸ்டுடியோ பக்கத்துக் கடைக்காரர் மகாராஜா உடைதான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். அக்கம்பக்கத்து பௌதிகளிடம், அதாவது வங்காளி அண்ணிகளிடம், புடவை இரவல் வாங்கினோம். ஒத்திகையை எட்டிப் பார்த்த ஒரு பௌதி, "ஓ மா, ஏடா ரோம், நா ஷிந்தூர் கேலா?" என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இது ரோமா, குங்கும விளையாட்டா என்று கேட்கிறாள். எங்கள் சங்கத் தலைவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பௌதி சிரிப்பை விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தலைவரின் பார்வை அப்படிப்பட்டது. கும்பகோணத்துக்காரர். பொதுத்துறைக் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. காளிகாட் பக்கம் ஒரு சந்தில் இருந்த எங்கள் சங்கக் கட்டடத்தில் ஒவ்வொரு மின்விசிறியும் அவர் நின்று மாட்டியது. சங்க விதிகளை எழுதியவரும் அவர்தான். வருஷா வருஷம் நாடகத்தை எழுதுவது அவர், ராஜா வேஷமும் அவருக்கே. சாம்பாரில் முருங்கைக்காய் போடலாமா வேண்டாமா என்பதுகூட அவர் வாயிலிருந்து வரவேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், இதெல்லாம் பலருக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாகிவிட்டது.

நாங்கள் டாலிகஞ்சில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். என் கணவர் வேலை கிடைத்து மதுரையிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, ஹவுரா ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்து மாடியில் ஒரு பாயும் தலையணையும் கொடுத்தவர் அவர். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அப்பாவிடம் வந்து பெண் கேட்டவரும் அவர்தான். அப்பா யோசித்தபோது, "பையனுக்கு நான் கேரண்டி" என்று சொன்னாராம். அந்த கேரண்டியில் கட்டிக்கொடுத்தார்கள் என்னை. அதனால் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். "என்னம்மா, ரசம் ஆச்சா?" என்று மாடிப்படியிலிருந்து குரல் வரும். என் கணவரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் "டேய்" தான். இவரும் அதற்குக் குழந்தை மாதிரி ஓடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சங்கத்தின் செயலாளர், ஆபீஸில் நாலு பேருக்கு அதிகாரி, இப்படியா ஓடுவது!

எனக்கு வாய் நீளம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த தொண்டை. அதனாலேயே நாடகத்தில் எனக்கு ப்ராம்ப்டர் வேலை கொடுத்திருந்தார். மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்று, வசனத்தை மறப்பவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கவேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன்கள் தமிழ் வசனத்தை வங்காள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பார்கள். அவர்களை மேய்ப்பதே பெரிய வேலை.

அந்த வருஷத்து நாடகம் தலைவர் தன் கற்பனையில் எழுதியது. ஒரு ரோமாபுரித் தளபதி. எல்லாப் போரிலும் ஜெயித்தவன். சபைக்கு முன்னால் தலைகுனிய மாட்டேன் என்கிறான். சபைத் தலைவன் அவனுடைய ஆருயிர் நண்பனைத் தூது அனுப்புகிறான். 'என் வாக்கை நம்பி வா, ஒன்றும் ஆகாது' என்று நண்பன் அழைத்துவருகிறான். சபையில் கத்திகள் வெளியே வருகின்றன. அவ்வளவுதான் கதை. தளபதியாகத் தலைவர். நண்பனாக என் கணவர். சபைத் தலைவனாக எங்கள் சங்கத்தின் துணைத்தலைவர், டாக்டர்.

டாக்டருக்கும் தலைவருக்கும் போன பொங்கல் விழாவிலிருந்தே ஆகாது. டாக்டர் வரவேற்புரையை நீட்டிக்கொண்டே போனார். தலைவர் சைகை காட்ட, மைக்கை அணைத்துவிட்டார்கள். டாக்டர் வாய் மட்டும் அசைந்தது. முன்வரிசையில் அவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார், சென்னையிலிருந்து முதல் தடவை வந்தவர். பெண்கள் பக்கம் யாரோ 'களுக்' என்று சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு டாக்டர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது, இது சும்மா போகாது என்று. மனுஷனை அப்படி அவமானப்படுத்தலாமா? தலைவர் செய்தது தப்பு. இன்றைக்கும் சொல்வேன்.

ஆண்டுவிழா காளி பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் பொதுக்குழு, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் நாடகம். விழா நெருங்க நெருங்க, டாக்டர் வீட்டில் ஆட்கள் கூடுகிறார்கள் என்று சேதி வந்தது. பொதுக்குழுவில் தலைவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். என் கணவரையும் கூப்பிட்டார்கள். போனார். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"அவங்க கேக்கறதுல பாதி நியாயம் இருக்கு" என்றார். "இவரு யாரையும் பேச விடறதில்ல. எத்தனை வருஷம்தான் பொறுத்துக்குவாங்க?"

"அதுக்காக எல்லார் முன்னாடியும் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளணுமா?"

"அதான் நானும் சொன்னேன். ஒரு வழி பேசியிருக்கேன். காலைல யாரும் எதையும் எழுப்ப மாட்டாங்க. சாயங்காலம் நாடகம் முடிஞ்சதும் மேடையிலயே அவரா சொல்லிடட்டும், இனிமே இளையவங்க பாத்துக்கட்டும்னு. பொன்னாடை போத்தி மரியாதையா அனுப்புவோம். டாக்டர் ஒத்துக்கிட்டாரு."

அன்று ராத்திரி சாப்பாட்டில் இவர் அதை மென்று மென்று சொன்னார். தலைவர் ரசத்தைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். கோபத்தில் இலையைத் தள்ளிவிடப் போகிறார் என்று ரசப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தேன். கடைசியில் கேட்டார்:

"இத நீ சொல்றியா, அவா சொல்றாளா?"

"நான் சொல்றேன் சார்."

"காலம்பற யாராவது வாயத் திறந்தா?"

"நான் இருக்கேன். நான் விடமாட்டேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். "நீ கேட்டுண்டியாம்மா? நீதான் சாட்சி." சிரித்தார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளே ராஜினாமாப் பேச்சைத் தயாரித்து, படியில் நின்று எனக்குப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் டாக்டரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்து, மைக் விஷயத்துக்கு மன்னிப்புக்கூடக் கேட்டிருந்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. "நன்னா இருக்கா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒத்திகையில் நிற்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "என் வாக்கை நம்பி வா" என்று என் கணவர் சொல்லும் இடம் வந்தால் வசன நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். டாக்டர் புடவையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வசனம் சொல்வார். அந்த ஆள் பார்வையே சரியில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று இவர் எரிந்து விழுந்தார்.

விழா நாள். பொதுக்குழு நடக்கும்போது பெண்கள் சமையல் கூடத்தில்தான் இருப்போம். நான் அதுவரை ஒரு பொதுக்குழுவையும் பார்த்ததில்லை. எங்கள் சங்க விதிப்படி ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுத்தான். கையைத் தூக்குவது எப்போதும் ஆம்பிளைதான். பெண்கள் உள்ளே போய் என்ன செய்யப்போகிறோம் என்று காய் நறுக்கிக்கொண்டிருப்போம். அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஹாலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

வரவு செலவு படித்தார்கள், கை தட்டினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். 'தலைவர் அனுமதியுடன் வேறு விஷயங்கள்' என்று என் கணவர் வழக்கப்படி வாசித்ததுதான் தாமதம், டாக்டர் எழுந்தார். "தலைவர்மேல் இந்தச் சபைக்கு நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்" என்றார். நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாக. மனப்பாடம் செய்திருக்கிறார், பாவி.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் திரும்பி என் கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எழுந்து சொல்லுங்க. 'இது பேச்சு இல்லையே டாக்டர்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. வாயத் திறங்க. மனசுக்குள் கத்துகிறேன். இவர் கையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

"தலைவர் நாற்காலிய விட்டு இறங்கி நிக்கறதுதான் முறை" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"விதியில அப்படி இல்ல. எழுதினவன் நான்" என்றார் தலைவர். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "ஓட்டுக்கு விடறேன். செக்ரட்டரி எண்ணுவார்."

செக்ரட்டரி! வீட்டில் டேய், இங்கே செக்ரட்டரி. என் கணவர் எழுந்து, தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களை வரிசை வரிசையாக எண்ணினார். தன் கையைத் தூக்கவில்லை. அப்பாடா என்று எனக்குப் பாதி உயிர் வந்தது. அடுத்தது எதிர்ப்பவர்கள். மறுபடியும் முன்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். நடு வரிசை வந்தது. அதைத் தாண்டியும் வந்துவிட்டார். கை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. என் பக்கத்து வரிசைக்கே வந்துவிட்டார், இன்னும் தூக்கவில்லை. ஐயோ, இந்த மனுஷன் இரண்டு பக்கமும் தூக்காமல் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாரே என்று எனக்குத் தலைக்கு ஏறியது. சாட்சி என்று என்னைத்தானே சொன்னார் அவர்! கையைத் தூக்கினேன்.

"மிஸஸ் செக்ரட்டரி, நீங்க எதுக்கு?" டாக்டர் பாய்ந்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு கைதான்."

"ஆமா, ஒண்ணுதான். எங்க வீட்டுக் கை இதுதான்" என்றேன். எழுந்து நின்றுதான் சொன்னேன், எக்ஸ்சேஞ்ச் குரலில்.

"பொம்பளைங்க ஓட்டுப் போட்டு வழக்கமே இல்லையே!"

"வழக்கம் இல்ல. விதி இருக்கு" என்றார் தலைவர். "வீட்டுக்கு ஒரு கைன்னுதான் எழுதியிருக்கேன். ஆண் கைன்னு எழுதல." பிறகு என் கணவரைப் பார்த்தார். "செக்ரட்டரி, உங்க வீட்டுக் கை அதுதானா?"

இவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது பிடிபடவில்லை. "ஆமா சார்" என்றார்.

எண்ணி முடித்தார்கள். இரண்டு பக்கமும் சரிசமம். டாக்டர் முகம் வெளுத்தது. சமமாக வந்தால் தலைவர் ஓட்டுத்தான் முடிவு. அதுவும் அவர் எழுதிய விதிதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம்! என் ஒரு கையால்! நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரை ஒரு பார்வை பார்த்தேன் பாருங்கள், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரச் சிரிப்பு.

தலைவர் மேஜைமேல் இருந்த மணியை எடுத்துப் பார்த்தார், வைத்தார். "சாட்சி கை தூக்கியாச்சு" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று மற்றவர்களுக்குப் புரியாதபடி. "அது கணக்குக்குப் போதும். எனக்குப் போதாது. தலைவர் ஓட்டு, தீர்மானத்துக்கு ஆதரவு."

எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் சரியாகத் தள்ளிவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். டாக்டர் கட்சிக்காரர்களுக்கே கை தட்டத் தோன்றவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாடகம் ரத்து என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்தப் பேட்டை வங்காளிகளின் பாரா கிளப் ஆட்களையெல்லாம் வேறு அழைத்திருந்தோம். ஆனால் மேக்கப்காரர் வந்து இறங்கிய நேரத்துக்குச் சரியாகத் தலைவர் வந்து, முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினார். என்னைக் கூப்பிட்டு, "நீ அடியெடுத்துக் குடுக்கறதுல மட்டும் கவனமா இரு" என்றார். வேறொன்றும் பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் டாக்டர், அதற்குப் பக்கத்தில் என் கணவர். மூன்று பேருக்கும் ஒரே பஞ்சால் பவுடர் ஒற்றினார்கள்.

சொல்லக்கூடாது, அந்த நாடகம் மாதிரி எங்கள் சங்கத்தில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. "உன் வாக்கை நம்பி வரலாமா?" என்று தலைவர் கேட்டபோது ஹாலில் ஒரு இருமல் இல்லை. காலையில் நடந்தது தெரியாத வங்காளிக்காரர்கள்கூட உட்கார்ந்த இடத்தில் உறைந்துபோனார்கள். "நம்பி வா" என்று இவர் சொல்லும்போது குரல் உடைந்தது. டாக்டருக்குக் கத்தியை உருவ வரவில்லை, உறையிலேயே சிக்கிக்கொண்டது. தலைவர் அதற்காகக் காத்திருந்து, சரியான நேரத்தில் விழுந்தார்.

கடைசிக் கட்டம். நண்பன் தன் மேலாடையைக் கழற்றிப் பிணத்தின்மேல் போர்த்தி, சபையைச் சபித்துப் பேசவேண்டும். இவர் புடவையைப் போர்த்தினார், மண்டியிட்டார். பேச்சு வரவில்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து முதல் வரியைக் கொடுத்தேன். வரவில்லை. மறுபடி கொடுத்தேன், சத்தமாகவே. உதடுகூட அசையவில்லை. சனங்கள் நடிப்பு என்று நினைத்து விசும்பினார்கள். அப்போது புடவைக்கு அடியிலிருந்து, செத்துக் கிடந்தவர் சொன்னார்: "சொல்லுடா. எல்லாரும் பாக்கறா." திரை ஓரத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. இவர் பேசினார். ஒரு வார்த்தை பிசகாமல் முழுதையும் பேசினார். அப்படி ஒரு கைத்தட்டல்.

திரை விழுந்ததும் இவர் குனிந்து அவர் காலைத் தொடப் போனார். தலைவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு, புடவையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "பௌதிகிட்ட துவைச்சுக் குடு" என்றார். தனியாக ஒரு டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார். இவர் நின்ற பக்கம்கூடத் திரும்பவில்லை.

நாங்கள் மெட்ரோவில் வந்தோம். இவர் காதோரத்தில் மேக்கப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் கூட்டம் இல்லை. எனக்கு அடக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டேன். "ரெண்டு பக்கமும் தூக்காம நின்னீங்களே, வெக்கமா இல்ல? நம்ம கல்யாணத்துக்கு கேரண்டி குடுத்தவருக்கு உங்களால ஒரு கை குடுக்க முடியலியா?"

"எண்ணுறவன் தன் கையக் கடைசிலதான் தூக்குவான்" என்றார் இவர். எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரையும் எண்ணி முடிச்சிட்டு, தன் கையத் தூக்கி, அதையும் சேத்துச் சொல்றது. எப்பவும் அப்படித்தான். கூட்டத்துக்கு வந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். உன் வரிசைதான் கடைசி. அதுக்கு அடுத்தது என் கை."

"பொய்."

"தலைவருக்குத் தெரியும். அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தார்."

"அப்ப, உங்க வீட்டுக் கை அதுதானான்னு கேட்டாரே, அப்ப சொல்றதுக்கென்ன? நானே தூக்கறதா இருந்தேன்னு சொல்றதுக்கென்ன?"

காதோரத்து மேக்கப்பைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு சொன்னார்: "நான் தூக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணித் தூக்கிட்ட. பொண்டாட்டியே நம்பலன்னா, அவர் எப்படி நம்புவார்?"

பின்னால் சங்கத்து ஆம்பிளைகள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். உண்மைதான், எண்ணுகிறவர் கடைசியில்தான் தூக்குவாராம். அதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது? தீர்மானத்தோடு டாக்டர் எழுந்து நின்றபோது காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் இவர். சில நாள் நம்புகிறேன், சில நாள் சுத்தப் பொய் என்று தோன்றுகிறது. அடுத்த மாதமே நாங்கள் வீடு மாறினோம். தலைவர் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை. நிஜமாகவே தூக்க நினைத்திருந்தால், நான் தூக்கின பிறகும் தூக்கியிருக்கலாமே, மனுஷா! ஒரு வீட்டிலிருந்து இரண்டு கை எழுந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். டாக்டர் கத்தியிருப்பார். கத்தட்டுமே. தலைவர் பார்த்திருப்பாரே.